முட்டைக்குள் நடக்கும் குளறுபடி... உயிர்களின் பாலினத்தையே குழப்பும் ரசாயனங்கள்!

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் முதலை ஒன்றும் அபூர்வ விலங்கு இல்லை. நம் ஊர்க் கண்மாயில் கொக்கு நிற்பதைப்போல, அங்கே ஏரிக்கரைகளில் அலிகேட்டர் முதலைகள் சாவகாசமாக வெயில் காயும். தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் அவற்றைப் பண்ணையில் வளர்ப்பது அங்கே ஒரு தொழில். 1980-களில், ஏரிகளிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பண்ணைகளில் பொரிக்கவைக்கலாம் என்ற யோசனை வந்தது. எந்த ஏரியில் எவ்வளவு முட்டை எடுத்தால் முதலைகளின் எண்ணிக்கை பாதிக்கப்படாது என்று தெரிய வேண்டுமே? அந்த ஆய்வில் இறங்கியவர்களில் ஒருவர், ஃப்ளோரிடா பல்கலைக்கழக உயிரியலாளர் லூயிஸ் கில்லட்.

பல ஏரிகளின் கணக்கு சரியாக வந்தது. ஒரே ஓர் ஏரி மட்டும் இடித்தது. ஆர்லாண்டோ நகரத்துக்கு அருகில் இருக்கும் அப்போப்கா ஏரி. ஃப்ளோரிடாவின் மிகப்பெரிய ஏரிகளில் ஒன்றான அதில், முட்டைகள் இருந்தன, குஞ்சுகள் இல்லை. மற்ற ஏரிகளோடு ஒப்பிட்டால் மிகச் சில முட்டைகளே பொரிந்தன. பொரிந்த குஞ்சுகளிலும் பல, சில நாள்களிலேயே இறந்தன. 1980-களில் சில ஆண்டுகளுக்குள் அந்த ஏரியின் இளம் முதலைகள் சுமார் 90 சதவிகிதம் குறைந்துபோயின.

பிழைத்த குட்டிகளையாவது பரிசோதிப்போம் என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வெளியான அந்த முடிவுகள், சூழலியல் உலகத்தையே நிமிர்ந்து உட்காரவைத்தன. அப்போப்கா ஏரியின் பெண் குட்டிகளின் ரத்தத்தில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், சுத்தமான வுட்ரஃப் ஏரியின் பெண் குட்டிகளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. ஆண் குட்டிகளிலோ, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சொல்லப்போனால், வுட்ரஃப் ஏரியின் பெண் குட்டிகளிடம் இருக்கும் அளவுதான் இங்கே ஆண்களிடம் இருந்தது. ஆணுறுப்பு இயல்பைவிடச் சிறுத்திருந்தது. விந்தகங்களும் சூலகங்களும் ஒழுங்காக உருவாகவில்லை.

ஆண், முழு ஆணாக இல்லை. பெண்ணின் உடலும் இயல்பாக இல்லை. அந்த ஏரியில் அப்படி என்னதான் இருந்தது?

ஏரியில் கலந்தது என்ன?

1980-ல், ஏரிக்கு அருகிலிருந்த டவர் கெமிக்கல் என்ற பூச்சிக்கொல்லி ஆலையின் கழிவுக்குட்டை நிரம்பி வழிந்தது. அதிலிருந்த டைகோஃபால் என்ற மருந்து ஏரிக்குள் போனது. சிலந்திப்பேன்களைக் கொல்லப் பயன்படும் டைகோஃபாலோடு, அதன் நெருங்கிய உறவான டி.டி.டி-யும் சேர்ந்தே போனது. இது போதாதென்று, ஏரியின் வடகரையில் சதுப்பு நிலத்தை வற்றவைத்து 1940-களிலிருந்தே காய்கறிப் பண்ணைகள் நடந்தன. அந்த வயல்களில் அடித்த பூச்சிக்கொல்லிகளும் பல்லாண்டுகளாக ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தன. ஆலைக் கசிவின் பங்கு எவ்வளவு, வயல்களின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது. ஆனால், முதலை முட்டைகளில் டி.டி.டி சிதைந்து உருவாகும் டி.டி.இ இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தாய் முதலைகள் நன்றாகத்தான் இருந்தன. நீந்தின, வேட்டையாடின, முட்டையிட்டன. நஞ்சு அவற்றைக் கொல்லவில்லை. கொழுப்பில் சேர்ந்து, முட்டையின் மஞ்சள் கரு வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு தீர்க்கப்பட்டது அடுத்த தலைமுறையிடம்.

ஆணா, பெண்ணா... யார் முடிவு செய்வது?

மனிதர்களுக்கு இந்த முடிவு கருவுறும் நொடியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. இரண்டு எக்ஸ் குரோமோசோம் என்றால் பொதுவாகப் பெண், எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் பொதுவாக ஆண் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். பறவைகளிலும் குரோமோசோம்தான், ஆனால் அங்கே முடிவு அம்மாவின் கையில்.

முதலைகளின் கதை வேறு. முதலைக்குப் பாலின குரோமோசோமே கிடையாது. முட்டை எந்தச் சூட்டில் அடைகாக்கப்படுகிறதோ, அதுதான் பாலினத்தை முடிவு செய்கிறது. அலிகேட்டர் முட்டை 30 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் பெண். 33 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண். அதையும் தாண்டிச் சூடு ஏறினால் மறுபடியும் பெண்கள் பிறக்கத் தொடங்கும். ஏ.சி ரிமோட்டில் மூன்று தடவை அழுத்தும் வித்தியாசம்தான். அதற்குள் தலையெழுத்து மாறிவிடுகிறது.

வெப்பநிலை பாலினத்தைத் தீர்மானிக்கும் என்பதை உலகம் அறிந்தது 1966-ல். செனகல் நாட்டின் டாக்கரில், அகமா என்ற ஓணான் இனத்தின் முட்டைகளை ஆராய்ந்த பிரெஞ்சு விலங்கியலாளர் மாதலின் ஷார்னியே அதை முதலில் பதிவு செய்தார். கடல் ஆமைகளும் இந்த வகைதான். குளிர்ந்த மணலில் ஆண், சூடான மணலில் பெண். ஒவ்வோர் ஆண்டும் சென்னைக் கடற்கரைக்கு வந்து முட்டையிடும் ஆலிவ் ரிட்லி ஆமையின் குஞ்சுகளுக்கும் மணலின் சூடுதான் ஜாதகம் எழுதுகிறது.

சரி, சூடு எப்படிப் பாலினமாக மாறுகிறது? இடையில் ஒரு தரகர் இருக்கிறார். அரோமட்டேஸ் என்ற நொதி. இதன் வேலை, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது. பெண் பிறக்க வேண்டிய வெப்பநிலையில் இந்த நொதி சுறுசுறுப்பாக வேலை பார்க்கும். ஈஸ்ட்ரோஜன் பெருகும், கருவில் சூலகம் உருவாகும். ஆண் பிறக்க வேண்டிய வெப்பநிலையில் நொதி அடங்கிக்கிடக்கும், விந்தகம் உருவாகும். அடைகாக்கும் காலத்தின் நடுப்பகுதியில் சில நாள்கள்தான் இந்த முடிவுக்கான கெடு. அது முடிந்தால் பிறகு மாற்ற முடியாது.

அந்தச் சில நாள்களில், ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடிக்கும் ஒரு ரசாயனம் முட்டைக்குள் இருந்தால்? அல்லது, ஆண் ஹார்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒன்று இருந்தால்?

பூட்டும் கள்ளச்சாவியும்

ஹார்மோன் ஒரு சாவி. செல்லில் இருக்கும் ஏற்பி, பூட்டு. சாவி பொருந்தினால் கதவு திறக்கும். அந்த உத்தரவு நிறைவேறும். சில ரசாயனங்கள் கள்ளச்சாவிகள். அசல் சாவியின் வடிவம் இல்லாவிட்டாலும் பூட்டைத் திறந்துவிடும். வேறு சில, உடைந்த சாவிபோல உள்ளே மாட்டிக்கொண்டு அசல் சாவியை நுழையவிடாது. டி.டி.இ இந்த இரண்டாவது வகை. அது ஆண் ஹார்மோனின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது என்று 1995-ல் கண்டறியப்பட்டது.

முட்டையின் மேல் தடவியே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸும் ஜூடித் பெர்ஜெரனும் எடுத்துக்கொண்டது சிவப்புக் காது ஆமை. நம் ஊர் வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்துமே, உள்ளங்கை அளவுப் பச்சை ஆமை, அதேதான். ஆண் மட்டுமே பிறக்கக்கூடிய வெப்பநிலையில் முட்டைகளை வைத்தார்கள். மின்மாற்றிகளின் எண்ணெயில் பல்லாண்டுகள் பயன்பட்ட பி.சி.பி என்ற ரசாயனக் குடும்பத்தின் சில வகைகளை ஓட்டின் மேல் தடவினார்கள். 1994-ல் வந்த முடிவு: எல்லா வகைகளும் அல்ல, ஆனால் சில வகைகள் வெப்பநிலையின் உத்தரவையே மீறின. ஆணாகியிருக்க வேண்டிய முட்டைகளிலிருந்து பெண் ஆமைகள் வந்தன.

தவளையை வைத்து ஒரு வழக்கு

முதலைக்கும் ஆமைக்கும் குரோமோசோம் காவல் இல்லை, அதனால் ஏமாந்தன என்று சொல்லலாம். காவல் இருக்கும் விலங்குகள் தப்பிக்கின்றனவா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டைரோன் ஹேய்ஸ், அட்ராசின் என்ற களைக்கொல்லியைத் தவளைகளிடம் சோதித்தார். நம் ஊரில் மக்காச்சோளம், கரும்பு வயல்களில் அடிக்கப்படும் அதே களைக்கொல்லிதான். 2010-ல் வெளியான ஆய்வில், மரபணுப்படி ஆண்களான 40 ஆப்பிரிக்க நகத் தவளைகளை, அட்ராசின் கலந்த தண்ணீரில் தலைப்பிரட்டைப் பருவத்திலிருந்து வளர்த்தார். தண்ணீரில் கலந்தது 100 கோடியில் 2.5 பங்கு. அதாவது, 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் முப்பதுக்கும் மேல் வரிசையாக நிற்க, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். அமெரிக்காவில் குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 3 பங்கு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

வளர்ந்த தவளைகளில் முக்கால்வாசி, ஆண்தன்மை இழந்தவையாக இருந்தன. பத்தில் ஒரு பங்கு முழுப் பெண்ணாகவே மாறின. அவை மற்ற ஆண் தவளைகளோடு இணைந்து முட்டையும் இட்டன. அந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண். தாயும் தந்தையும் மரபணுப்படி ஆண் என்றால், பெண்ணுக்கான குரோமோசோம் எங்கிருந்து வரும்?

இந்த ஆய்வு சும்மா ஏற்கப்படவில்லை. களைக்கொல்லியைத் தயாரிக்கும் சின்ஜென்டா நிறுவனம் மறுத்தது. அதன் நிதியுதவியில் நடந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட பாதிப்பு தெரியவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 2007-ல், தவளைகளின் பாலின உறுப்புகள் குறித்து மேற்கொண்டு சோதனை தேவையில்லை என்று சொல்லியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ, நிலத்தடி நீரில் கலக்கிறது என்ற காரணத்தால் அட்ராசினை ஏற்கெனவே விலக்கிவிட்டது. ஒரே மருந்து, ஒரு கண்டத்தில் ஆகாது, இன்னொரு கண்டத்தில் ஆகும். இந்தியாவில் 2020-ல் தடைக்காக முன்மொழியப்பட்ட 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலில் அட்ராசினும் இருந்தது.

ஒரு முழு ஏரியில் நடந்த சோதனை

பிரிட்டனில் சிக்கலை முதலில் பார்த்தவர்கள் தூண்டில் போடுபவர்கள். 1970-களின் கடைசியில், லண்டன் பக்கம் ஓடும் லீ ஆற்றில் பிடிபட்ட ரோச் மீன்கள் சிலவற்றை ஆண் என்றும் சொல்ல முடியவில்லை, பெண் என்றும் சொல்ல முடியவில்லை. பின்னர் விஞ்ஞானிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் வாய்க்காலில் கூண்டு கட்டி ஆண் ட்ரவுட் மீன்களை விட்டுப் பார்த்தார்கள். முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம், பெண் மீனின் உடலில் மட்டுமே பெருக வேண்டியது, ஆண் மீன்களின் ரத்தத்தில் பெருகியிருந்தது.

காரணம், கழிவுநீரில் இருந்த ஈஸ்ட்ரோஜன்கள். ஒரு பகுதி, மனித உடல் இயல்பாகச் சிறுநீரில் வெளியேற்றும் ஹார்மோன். இன்னொரு பகுதி, கருத்தடை மாத்திரையில் இருக்கும் எதினைல் ஈஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். இது அளவில் குறைவு, வீரியத்தில் அதிகம்.

ஒன்றிரண்டு மீன்கள் குழம்பினால் என்ன, இனமே அழிந்துவிடுமா என்ற கேள்விக்குக் கனடாவில் பதில் தேடினார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 260 என்ற எண் கொண்ட ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கேரன் கிட் தலைமையிலான குழு எதினைல் ஈஸ்ட்ராடையாலைக் கலந்தது. ஒரு லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். மறுபடியும் லாரிக் கணக்கில் சொன்னால், 16,000 லாரித் தண்ணீருக்கு ஒரு கிராம்.

ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீன்களில் ஆண்கள் கருப்புரதம் சுரந்தன. விந்தகங்களில் கருமுட்டைகள் தோன்றின. சில ஆண்டுகளில் அந்த மீன் இனம் ஏரியிலிருந்து கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது. இரை இல்லாமல், பெரிய மீனான ஏரி ட்ரவுட்டும் குறைந்தது. ஹார்மோன் கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்து, மின்னோ மீன்கள் மெல்ல மீண்டுவந்தன.

இதைப் படித்துவிட்டு மாத்திரை சாப்பிடும் பெண்களைக் குற்றம் சொல்லக் கிளம்பத் தேவையில்லை. மாத்திரை அவர்களுக்கான மருத்துவத் தேவை. ஹார்மோனை வடிகட்டாமல் ஆற்றில் விடுவது சுத்திகரிப்பின் குறை. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் இதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. ஓசோன், வீரியமூட்டிய கரி போன்றவற்றால் இவற்றைப் பெருமளவு நீக்க முடியும். ஸ்விட்சர்லாந்து 2016 முதல் சட்டம் போட்டே தன் முக்கிய நிலையங்களை இப்படி மேம்படுத்திவருகிறது.

கப்பல் பெயின்ட்டும் கடல் நத்தையும்

இதுவரை ஆண்கள் பெண்ணாகும் கதை. தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க, டி.பி.டி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட்டை 1960-களிலிருந்து அடித்தார்கள். இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரைப் பாறைகளில் வாழும் டாக்வெல்க் என்ற நத்தைகளில், பெண்களுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதை 1970-ல் ஓர் ஆய்வாளர் பதிவு செய்தார். அது வளர்ந்து முட்டை வெளியேறும் வழியையே அடைத்தது. முட்டைகள் உள்ளேயே தங்கி, நத்தைகள் இறந்தன. பல துறைமுகங்களின் அருகே அந்த இனமே காணாமல்போனது. லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவே இதற்குப் போதுமானதாக இருந்தது.

பிரான்ஸின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்களின் பிழைப்பும் இதே பெயின்ட்டால் கெட்டது. அதனால் 1982-ல் சிறு படகுகளுக்கு அங்கே தடை வந்தது. 1987-ல் பிரிட்டனும் தொடர்ந்தது. 2008-ல் உலகக் கப்பல்கள் அனைத்துக்குமான ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இன்று பிரிட்டன் கடற்கரைகளில் டாக்வெல்க் நத்தைகள் மீண்டும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. நஞ்சை நிறுத்தினால் இயற்கை மீளும் என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி அது.

சூடும் நஞ்சும் கைகோக்கும்போது...

இப்போது புதிய கவலை, புவி வெப்பமாதல். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியின் வடக்கில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். இளம் ஆமைகளில் 99 சதவிகிதத்துக்கும் மேல் பெண். 2023-ல் ஹெரான் தீவின் கூடுகளை ஆராய்ந்த க்ரிஃபித் பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைச் சொன்னது. குஞ்சுகளின் கல்லீரலில் காட்மியம், ஆன்டிமனி போன்றவை அதிகமாக இருந்த கூடுகளில், வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டதைவிடவும் பெண்கள் கூடுதலாகப் பிறந்திருந்தன. சூடு ஒரு பக்கம் தள்ள, நஞ்சும் அதே பக்கம் தள்ளுகிறது.

மனிதர்களுக்கும் இது நடக்குமா?

குடும்பத்தில் எல்லோருக்கும் எழும் கேள்வி இதுதான். நேரடியான பதில்: இல்லை. மனிதரின் குரோமோசோமை எந்தப் பூச்சிக்கொல்லியும் மாற்றிவிடாது. தவளை ஆய்வைக் காட்டி, திருநர்களையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் ‘ரசாயனத்தால் வந்தவர்கள்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது அறிவியல் இல்லை, வெறும் வன்மம்.

ஆனால், ஹார்மோன் என்ற பூட்டும் சாவியும் மனித உடலிலும் இருக்கின்றன. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940-களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு டி.இ.எஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டது. அம்மாக்களுக்கு உடனடியாக ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு, இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரிதான புற்றுநோய் வந்தது. 1971-ல்தான் அந்த மருந்தைக் கர்ப்பிணிகளுக்குத் தரக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டது. அப்போப்கா முதலைகளின் கதை போலவே இங்கும், மருந்து போனது தாய்க்கு, விலை கொடுத்தது மகள்.

வீட்டிலிருந்து என்ன செய்யலாம்?

பெரிய வேலை அரசுகளுடையது. டைகோஃபால் 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் இங்கே தேயிலைக்கும் பருத்திக்கும் அடிக்கப்பட்ட அந்த மருந்துக்கு, 2023-ல் இந்தியாவும் தடை உத்தரவு போட்டது. அப்போப்கா ஏரியில் அது கொட்டி 43 ஆண்டுகள் கழித்து!

வீட்டளவில் செய்யக்கூடியவை சில உண்டு. காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டி ஃப்ளஷ் செய்யாதீர்கள். மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வயல் வைத்திருப்பவர்கள், மருந்து தெளிக்கும் கருவியையும் காலி டப்பாக்களையும் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவ வேண்டாம். மாடித்தோட்டத்தில் பூச்சி வந்தால், லேபிளைப் படிக்காமல் எதையும் வாங்கித் தெளிக்க வேண்டாம்.

‘ஒரு சொட்டுதானே’ என்று தோன்றலாம். அப்போப்காவில் அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1990-களின் பிற்பகுதியில் அரசு வடகரைப் பண்ணைகளை விலைக்கு வாங்கியது. விவசாயம் நின்றது. பழைய சதுப்பு நிலத்தை மீட்கலாம் என்று வயல்களில் தண்ணீரை நிரப்பினார்கள். எதிர்பார்த்தபடியே பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்தன. 1998-ன் குளிர்காலத்தில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் உட்பட நூற்றுக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன. வயலில் மருந்து அடிப்பது நின்றுபோயிருந்தது. மருந்து மட்டும் மண்ணிலேயே காத்திருந்தது.